படுகளத்துக்கு நடந்து போனவள்

பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்களின் அண்ணன்மார் கதையைப் பற்றிப் பேச யாராவது மேடையேறினால் ஐந்து நிமிடத்துக்குள் வாள் வந்துவிடும். அடுத்துக் குதிரை வரும். பிறகு மானம், மறம், எங்கள் மண்ணின் வீரம் என்று வரிசையாக வந்து கைதட்டலில் போய் நிற்கும். கோவையிலிருந்து காங்கயம் போகிற சாலையில் முன்னால் போகும் கார்களின் பின்கண்ணாடியைப் பார்த்தாலே தெரியும்: மீசை முறுக்கிய இரண்டு பேர், இரண்டு குதிரை, இரண்டு வாள். மு. கருணாநிதி எழுதிய ‘பொன்னர் சங்கர்’ நாவலும், அதைத் தியாகராஜன் இயக்கிப் பிரசாந்த் இரட்டை வேடம் கட்டி 2011இல் வந்த படமும் இந்தப் பார்வைக்குச் சுவரும் சுண்ணாம்பும் ஆயின. அண்ணன்மார் கதை ஒரு வீரக்கதை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

எனக்கு இருக்கிறது. என்னைக் கேட்டால் அது கொங்கு நாட்டின் ஆகப் பெரிய பயங்கரக் கதை. அதன் நாயகர்கள் செத்துப்போன இருவரும் அல்ல, சாகாமல் மிஞ்சிய ஒருத்தி.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது முன்வரிசையிலிருந்த பெரியவர் எழுந்து, “சாமி கதையைப் பேய்க்கதைங்கிறீங்களே, நல்லாவா இருக்குதுங்?” என்று கேட்டார். அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. பேய்க்கதை என்றால் நமக்கு வெள்ளைச் சேலையும் சலங்கைச் சத்தமும் நள்ளிரவுக் காட்சிக்குப் போகிற கூட்டமும்தான். நான் சொல்கிற பயங்கரம் வேறு. சொந்த வீட்டுக்குள்ளேயே கொலைகாரன் இருப்பது, கையில் இருக்கிற சோறே விஷமாவது, செத்தவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு ஆள் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்பது. இந்த மூன்றும் இருக்கிற கதைக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

கதையின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மேடைப் பேச்சாளர்கள் தாண்டிக் குதிக்கிற பகுதி இது. அண்ணன்மாருக்குத் தகப்பனாகப் போகிற குன்னுடையான் தாய் தகப்பன் இல்லாத பையன். பங்காளிகள் அவனை விரட்டுகிறார்கள். வளர்ந்து பண்ணையத்துக்குத் திரும்பி வந்தவனுக்கு விதை கொடுக்கிறார்கள், வறுத்த விதை. குடியானவன் வீட்டில் பிறக்காதவர்களுக்கு இந்த இடத்தின் கொடூரம் விளங்காது. வாளால் வெட்டினால் ஒரு ஆள் சாவான். வறுத்த விதையைக் கொடுத்தால் அவன் உழுவான், விதைப்பான், தண்ணீர் இறைப்பான், நாள்தோறும் போய்ப் பாத்தியைப் பார்ப்பான். ஒரு வெள்ளாமைக் காலம் முழுக்க நம்பிக்கையோடு தன் பட்டினிக்குத் தானே பாடுபடுவான். வானம் பார்த்த பூமி இது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் கோயம்புத்தூர், சேலம் ஜில்லாக்களை எப்படித் துடைத்துப் போட்டது என்பதைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட ஊரில் உடுக்கையை அடித்து ஒருவன் ‘விதையை வறுத்துக் கொடுத்தார்கள்’ என்று பாடினால், அது எந்த ரத்தக்காட்டேரிக் கதையையும்விட வயிற்றைக் கலக்கும். தெய்வத்தின் கருணையில் அந்த விதை முளைத்துவிடுகிறது என்பது கதை. ஆனால் முளைக்கும்வரைக்குமான நாட்களைக் குன்னுடையான் எப்படிக் கழித்தான் என்பதுதான் என் கேள்வி. வீரம் அங்கே என்ன செய்திருக்க முடியும்? பாத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. மந்தபுத்திக்காரன் என்று கதைக்குள் எல்லாரும் சிரிக்கிற அந்த மனுஷன் அப்படி நின்றே பிழைத்தான்.

அவன் மனைவி தாமரை பிள்ளை வரம் கேட்டுத் தவம் கிடக்கிறாள். பாடுகிறவர்கள் கணக்கில் 21 ஆண்டு. வரம் கிடைத்து வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகு பங்காளிகள் மருத்துவச்சியைக் கைக்குள் போட்டுக்கொண்டு, ஆண் பிள்ளை பிறந்தால் அங்கேயே முடித்துவிடச் சொல்கிறார்கள். பேறு பார்க்க வந்த கையே கழுத்தை நெரிக்கிற கை. ஆண் குழந்தைகள் இருவரையும் மறைவாகக் கடத்தி ஒளித்து வளர்க்கிறார்கள். பெண் குழந்தை மட்டும் வெளிச்சத்தில் வளர்கிறது, ஏனென்றால் பெண்ணைக் கொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை, அவளை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்தக் குழந்தைதான் அருக்காணி. ஊர் வாயில் தங்காள். கணக்கில் வராதவளே கடைசியில் எல்லாவற்றையும் கணக்குத் தீர்க்கிறாள் என்பதைப் பிறப்பிலேயே கதை சொல்லிவிடுகிறது. நாம்தான் குதிரைச் சத்தத்தில் கேட்கவில்லை.

சரி, அண்ணன்மாருக்கு வருவோம். அவர்களுடைய வீரத்தை நான் மறுக்கவில்லை. கொம்பன் என்ற பன்றியைக் குத்துகிறார்கள், காட்டு வேட்டுவரோடு மோதுகிறார்கள், பங்காளிகளைப் பழி தீர்க்கிறார்கள். ஆனால் அவர்களைக் கொன்றது யார்? பகைவன் கத்தி இல்லை. தங்களுக்கு எழுதிவைத்த 16 வயது முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் சங்கர் தன் வாளை நட்டு அதன்மேல் விழுகிறான். பொன்னரும் அதே வழியில் போகிறான். அவர்களோடு பறையடித்தும் பாதை காட்டியும் போன சாம்புவனும் அங்கேயே கிடக்கிறான் (மேடைகளில் இவன் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்). பாடுகிறவருக்குப் பாடுகிறவர் நிகழ்ச்சி கொஞ்சம் மாறும். ஆனால் தன் வாளில் தானே விழும் அந்த முடிவுதான் படுகளம், அதாவது அவர்கள் விழுந்து கிடந்த இடம், என்றதும் ஊர் நெஞ்சில் நிற்கிறது. வீரம் அந்த இருவருக்கும் சாகிற வழியைத்தான் காட்டியது. பிழைக்கிற வழி அதனிடம் இல்லை. கதை இங்கே முடிந்திருந்தால் மேடைக்காரர்கள் சொல்வது சரி என்று நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

கதை முடியவில்லை. உடுக்கைக்காரர் அதன்பிறகும் பாடுகிறார்.

கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து, 1965இல் ராமசாமி என்ற உடுக்கைப் பாடகர் பல இரவுகள் பாடியதை ஒலிநாடாவில் பிடித்தார். அதை ஆராய்ந்து 1982இல் அவர் வெளியிட்ட நூலுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: ‘மூன்று இரட்டையர்’. கேட்டவுடன் கணக்கு இடிக்கிறது. இரட்டையர் எப்படி மூன்று பேர்? இரண்டு அண்ணன்மாரோடு கூடப்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள் அல்லவா, அவளை விட்டுவிட்டு எண்ணாதீர்கள் என்கிறது அந்தத் தலைப்பு. வெளியூரிலிருந்து வந்த அம்மாளுக்குத் தெரிந்த எண்ணிக்கை, கார் கண்ணாடியில் ஒட்டுகிற நமக்குத் தெரியவில்லை.

அண்ணன்மார் முடிந்தபிறகு தங்காள் என்ன செய்கிறாள்? கெட்ட கனவு கண்டு எழுகிறாள். போனவர்கள் திரும்பவில்லை. அண்ணன்மார் மணந்தும் தொடாமல் வைத்திருந்த மனைவியரைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். அவர்கள் அசைவதாக இல்லை. ஓலப்பாளையம் பாட்டில் தங்காள் மாளிகைக்குத் தீ வைத்துவிட்டுப் புறப்படுகிறாள். உள்ளே அந்த இரு அண்ணிமாரும் இருக்கிறார்கள். இந்த இடத்தை நான் பூசி மெழுகப்போவதில்லை. தங்காளைப் பொறுமைக்கும் கற்புக்கும் சின்னமாக்கி வணங்குகிறவர்களுக்கு இது சங்கடமான காட்சி. அவளைப் பாசமலராக்கிப் பார்ப்பவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் மிஞ்சிப் பிழைத்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாகப் பிழைத்தார்கள் என்று எந்த உண்மைக் கதையும் சொல்லாது. திரும்பிப் போக வீடே இல்லாமல் தானே ஆக்கிக்கொண்டு, கல்யாணமாகாத ஒரு பெண் காட்டுக்குள் நடக்கிறாள். வழி தெரியாது. துணை கிடையாது. எங்கே கிடக்கிறார்கள், எப்படிக் கிடக்கிறார்கள் என்று தெரியாது. கழுகு தின்றிருக்கலாம். நரி இழுத்திருக்கலாம். தெரிந்தே நடக்கிறாள்.

வீரப்பூர் காட்டில் தவமிருக்கும் பெரியகாண்டி அம்மனின் துணையோடு படுகளத்தை அடைகிறாள். கிடக்கிறவர்களுக்கு நடுவில் போய், முகம் பார்த்து, தன் ஆட்களைத் தேடுகிறாள். தெய்வத்தின் அருளால் தீர்த்தம் தெளித்து அவர்களை எழுப்புகிறாள். எழுந்த பிணங்களோடு உட்கார்ந்து பேசுகிறாள். அவர்கள் சொல்கிறார்கள், எங்கள் காலம் முடிந்துவிட்டது தங்கச்சி, இனி எங்களால் இருக்க முடியாது. பேச வேண்டியதைப் பேசி முடித்து அவர்கள் மறுபடி சாய்கிறார்கள். அவள் விடுகிறாள்.

உலகத்துப் பயங்கரக் கதைகளோடு இந்த ஒரு காட்சியை வைத்துப் பாருங்கள். மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ 1818இல் வந்தது. அதில் படித்த விஞ்ஞானி விக்டர் பிண உறுப்புகளைத் தைத்து உயிர் கொடுக்கிறான். அது கண்ணைத் திறந்ததும் பயந்து ஓடிவிடுகிறான். பின்னால் நடக்கிற அத்தனை கொலைக்கும் அந்த ஓட்டம்தான் வித்து.

அதைவிட நமக்கு நெருக்கமானது டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’. இந்தியாவிலிருந்து ஒரு சிப்பாய் கொண்டுவந்த பதப்படுத்திய குரங்குப் பாதம் மூன்று வரம் தரும். (மந்திரம் போட்டவன் ஒரு பக்கிரி. இங்கிலாந்துக்காரர்களுக்குப் பயம் வேண்டுமென்றாலும் இங்கிருந்துதான் இறக்குமதி.) கிழவர் ஒயிட் விளையாட்டாக 200 பவுன் கேட்கிறார். மறுநாள் மகன் ஹெர்பர்ட் வேலை செய்கிற இடத்தில் எந்திரத்தில் சிக்கிச் செத்துவிட்டான் என்று கம்பெனி ஆள் வந்து சொல்கிறான், நஷ்டஈடாக அதே 200 பவுனை நீட்டுகிறான். 1888இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய ஆலையிலிருந்து தொடங்கி ஆலைச் சங்கைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த கோவைக்காரன் இந்தப் பக்கத்தைப் படித்தால் அதற்குமேல் மந்திரவாதம் எதுவும் தேவைப்படாது. பிறகு தாய் வற்புறுத்த, மகன் பிழைத்து வரவேண்டும் என்று இரண்டாவது வரம். நடுராத்திரியில் கதவு தட்டப்படுகிறது. தாய் தாழ்ப்பாளைத் திறக்கப் போராடுகிறாள். தகப்பன், சிதைந்துபோன அந்த உருவத்தைப் பார்க்கப் பயந்து, தடவித் தடவிப் பாதத்தைத் தேடி எடுத்து மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறான். கதவு திறந்தபோது தெருவில் யாரும் இல்லை.

எல்லாரும் அந்தக் கதைக்குச் சொல்கிற பொருள், விதியோடு விளையாடாதே என்பது. எனக்கு அதில் தெரிவது வேறு. வெளியே நிற்பது மகன், சிதைந்திருந்தாலும் மகன். அந்தத் தாய் இன்னும் இரண்டு நிமிடம் முன்னால் தாழ்ப்பாளைத் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஜேக்கப்ஸுக்கு அதை எழுதத் துணிவில்லை, அல்லது எழுதாமல் விட்டதுதான் அவர் திறமை. எங்கள் உடுக்கைக்காரருக்கு அந்தத் துணிவு இருந்தது. தங்காள் தாழ்ப்பாளைத் திறந்தவள்.

என் சின்ன வயதில், அம்மாவைப் பெற்ற அம்முச்சி இந்தக் கதையைச் சொல்லி முடித்த ஒரு ராத்திரி, எனக்கு வந்த சந்தேகத்தைக் கேட்டேன்.

“ஏன் அம்முச்சி, செத்தவங்க எந்திரிச்சு ஒக்காந்தா தங்காளுக்குப் பயமா இருக்காதா?”

“இருக்காமப் பின்ன? பயமாத்தான் இருக்கும் கண்ணு. அதுக்குன்னு உட்டுப்போட்டு வந்தர்றதா? நம்மூட்டுப் பசங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். திண்ணையில் படுத்தபடியே தூங்கிவிட்டாள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

செத்தவர்களை மீட்க முடியுமா என்பதற்குத் தமிழிலேயே பழைய மறுமொழி ஒன்று உண்டு, அதையும் வைத்துவிடுகிறேன். மணிமேகலையில் சார்ங்கலன் என்ற பார்ப்பனச் சிறுவன் சுடுகாட்டுக் கோட்டத்துக்குள் போய்ப் பேயைக் கண்டு பயந்து செத்துப்போகிறான். பார்வையற்ற தகப்பனுக்கும் தனக்கும் துணையாக இருந்த மகனின் உடலோடு தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் போகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைக் கொடு என்கிறாள். முடியாது என்கிறது தெய்வம். தான் மட்டும் சொன்னால் நம்பமாட்டாள் என்று மற்றத் தேவர்களையும் வரவழைத்துச் சாட்சி சொல்ல வைக்கிறது. மணிமேகலையைப் பாடிய சாத்தனார் பௌத்தர், செத்தவர் மீள்வதில்லை என்பதை எந்தத் தாயிடமும் சமரசமில்லாமல் சொல்வது அவர் அறம். அதை மதிக்கிறேன். கொங்குப் பாடகன் அறமும் அதே இடத்துக்குத்தான் வருகிறது, அண்ணன்மார் மீளவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை ஆகாயத்திலிருந்து தெய்வம் படிக்கவில்லை. செத்தவர்களே எழுந்து, கூடப்பிறந்தவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

இனி என்மேல் வீசப்படும் கற்களுக்கு வருகிறேன்.

‘தங்காள் அழுகிறாளே தவிர வேறென்ன செய்கிறாள்?’ என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் கேட்டால் இந்தக் கேள்வி வராது. செத்தவன் யார், எப்படிப் பிறந்தான், யாருக்கு என்ன கடன் பட்டான், யாருக்கு என்ன செய்தான், அவன் இல்லாமல் எந்தெந்த வேலை நிற்கும் என்று ஒரு வாழ்க்கையையே எடுத்து வைக்கிற வேலை அது. ஆண்கள் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும் நேரத்தில் நடக்கிற வேலை.

‘எல்லாம் பெருமாளான மாயவர் எழுதிய விதிப்படி நடக்கிறது, இதில் மனுஷ முயற்சி எங்கே?’ இது பக்திமான்களின் கல், கொஞ்சம் கனமானது. 16 வயதென்று எழுதியது மாயவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்து முடிந்த இடத்துக்குப் பிறகுதான் தங்காள் நடக்க ஆரம்பிக்கிறாள்.

மூன்றாவது கல் முற்போக்கு நண்பர்களுடையது: இது ஆண்ட பரம்பரைப் பெருமைக் கதை, வேட்டுவரைக் காட்டுமிராண்டியாக்கும் கதை, சாதிச் சங்கங்களின் கொடிக்கம்பம், இதைத் தூக்கிப் பிடிக்காதே. இவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. கதையை அப்படிப் பயன்படுத்துகிறார்கள், அதனால் ஊர்களில் மனக்கசப்பும் இருக்கிறது. ஆனால் அந்தப் பயன்பாடு முழுக்க வாள் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டதால் வந்தது என்பதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்காள் ஆசைப்பட்ட கிளிகளைப் பிடிக்க அண்ணன்மார் வேட்டுவர் காட்டுக்குள் போனதில்தான் பகை மூண்டது. அந்தப் பக்கத்திலும் அண்ணன்மார் உண்டு, அந்தப் பக்கத்திலும் ஒரு தங்கை உண்டு. அவளுக்கும் ஒரு படுகளம் மிஞ்சுகிறது. வீரக்கதையாகப் படித்தால் எதிரிக்கு முகம் கிடையாது. மிஞ்சியவர்களின் கதையாகப் படித்தால் இரண்டு பெண்கள் ஒரே காட்டில் நிற்பது தெரியும். கதையைச் சாதிச் சங்கங்களிடமே விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்குவது முற்போக்கு ஆகாது, சோம்பேறித்தனம்.

கடைசியாக, என்னிடமுள்ள வலுவான சாட்சி புத்தகத்தில் இல்லை, திருவிழாவில் இருக்கிறது. மணப்பாறை வட்டத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது வேடபரி நாளில் குதிரை வாகனமும் அணியாப்பூரில் அம்பு போடுவதும் உண்டு, அதைக் காட்டி என்னை மடக்கலாம். மடக்கட்டும். ஆனால் கொங்குக் கிராமங்களின் அண்ணன்மார் கோயில்களில் சனம் தூங்காமல் காத்திருப்பது எதற்கு? படுகளத்துக்கு. வட மாவட்டக்காரர்களுக்குப் படுகளம் என்றால் பாரதக் கூத்தின் பதினெட்டாம் நாளில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன். அங்கே விழுவது எதிரி. இங்கே விழுவது நம் வீட்டுப் பிள்ளைகள்.

தாராபுரம் பக்கத்தில் ஒரு கோயிலில் பார்த்ததைச் சொல்கிறேன். உடுக்கை வேகமெடுத்ததும் அருள் வந்த ஆண்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கட்டிலில் படுப்பதுபோல் இல்லை, வெட்டிய வாழைபோல. ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறிப்போகும் பையன். வரிசையாகக் கிடத்தி வெள்ளை வேட்டியைப் போர்த்துகிறார்கள். உடுக்கை நின்றுவிடுகிறது. அதுவரை செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை இறக்கிவிட்டார்கள். வேஷம்தான், தெரியும். ஆனால் போர்த்திய வேட்டிக்கு அடியில் மூச்சு ஏறி இறங்குகிறதா என்று எல்லார் கண்ணும் அங்கேயே நிற்கிறது. விழுந்தவனின் அம்மா நாலடி தள்ளி நிற்கிறாள், அவள் முகம் வேஷம் போட்ட முகமாக இல்லை.

சண்டைக்கு யாரும் அங்கே காத்திருக்கவில்லை. தங்காளுக்குக் காத்திருந்தார்கள். அவள் இடத்தில் நின்ற பெண் தீர்த்தக் குடத்தோடு வருகிறாள், வேட்டியை விலக்கி முகத்தில் தெளிக்கிறாள், அடுத்தவனிடம் போகிறாள். ஒருவன் உடனே எழவில்லை. மறுபடி தெளித்தாள். எழவில்லை. கூட்டம் முனக ஆரம்பித்தது. அவள் குனிந்து அவன் காதோரம் என்னவோ சொன்னாள், எங்களுக்குக் கேட்கவில்லை. அப்புறம் அவன் எழுந்து உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவன்போல் சுற்றிலும் பார்த்தான்.

விடியும் நேரத்தில் உடுக்கைக்காரர் டீ கேட்டார். எழுந்தவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து தலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் களத்தில் கிடந்த வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். துவைக்கப் போட வேண்டும் என்றாள்.